ஃப்ரன்ட் வீலா, பெக் வீலா? மாமாவின் டிஎக்ஸ் வேகனும் எங்கள் அக்ஸியோவும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் டயர் பற்றிய பகுதியையாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

லீவு காலம் வந்தால் நம் கரையோர ஊர்களில் பாதிப் பேர் மலைநாட்டில்தான் நிற்பார்கள். கண்டி, நுவரெலியா, எல்ல என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்புவோம். அதோடு சேர்ந்து ஒரு பழைய சண்டையும் கிளம்பும். ஃப்ரன்ட் வீல் வண்டி மலை ஏறாது, பெக் வீல்தான் இழுவை என்ற சண்டை. தேத்தண்ணிக் கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும் நாங்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். இதுவரை வாய் திறக்கவில்லை. இந்த முறை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் எங்கள் மச்சான்.

மச்சானிடம் ஒரு வேகன் ஆர் இருக்கிறது. நல்ல வண்டி, கடன் இல்லாத வண்டி. அதை விற்றுவிட்டு, மேலதிகமாக லீசிங்கும் போட்டு, இருபத்தைந்து வருடப் பழைய டீசல் ஜீப் ஒன்றை எடுக்கப் போகிறார். ஏன் என்று கேட்டோம். "பிள்ளைகளோட மலைக்குப் போறது மச்சான். ஃப்ரன்ட் வீலை நம்பி எப்படிப் போறது?" என்றார். மாதா மாதம் லீசிங் கட்டுவது அவர். அந்த ஜீப்பில் போகப் போவது எங்கள் மருமக்கள். ஆகவே இது வெறும் தேத்தண்ணிக் கடைப் பேச்சு என்று விட முடியவில்லை.

முதலில் எங்கள் பக்கத்து வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறோம். மச்சானின் மனதில் இந்தப் பயத்தை விதைத்ததே எங்கள் அக்ஸியோதான்.

ஒரு டிசம்பர் மாதம். அக்குறணைப் பக்கம் ஒரு கல்யாணம். மஹியங்கனை வழியாகப் போய், பதினெட்டு வளைவையும் ஒரு சிரமமும் இல்லாமல் ஏறி, கண்டியையும் தாண்டிவிட்டோம். கடைசியில் கல்யாண வீட்டு வாசலில்தான் மாட்டிக்கொண்டோம். பிரதான வீதியிலிருந்து வீட்டுக்கு ஏறும் கொங்கிரீட் பாதை. ஐம்பது மீற்றர்கூட இருக்காது, ஆனால் ஐந்து மீற்றர் போனால் ஒரு மீற்றர் உயரும் அளவுக்குச் சரிவு. நாலு நாளாக மழை. கொங்கிரீட்டின் மேல் பச்சைப் பாசி. வண்டியில் ஐந்து பேர், பின் பெட்டி நிறையச் சாமான். பாதி ஏற்றத்தில் முன் சில்லுகள் இரண்டும் "கிர்ர்ர்" என்று சுற்றத் தொடங்கின. வண்டி நகரவில்லை. எக்சலேட்டரை மிதிக்க மிதிக்க ரப்பர் மணம்தான் வந்தது. மேலே வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்று பார்க்கிறார்கள். எங்களுக்குப் பின்னால், தன் டிஎக்ஸ் வேகனில் வந்த மாமா ஹோர்ன் அடித்துச் சிரிக்கிறார்.

மாமாவின் டிஎக்ஸ் வேகனைப் பற்றி நம்மூரில் தெரியாதவர்கள் இல்லை. பெக் வீல் கொரோல்லா, பின்னால் கம்பான் பட்டை. வட்டையிலிருந்து நெல் மூட்டை ஏற்றியிருக்கிறார், பத்துப் பேரை ஏற்றியிருக்கிறார், ஒருமுறை கடா ஆடும் ஏற்றியிருக்கிறார். 1983இல் கொரோல்லாவை டொயோட்டா ஃப்ரன்ட் வீலுக்கு மாற்றியதை இன்றுவரை அவர் மன்னிக்கவில்லை.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பழைய லொறிச் சாரதி, வயதான நானா ஒருவர், குடையோடு இறங்கி வந்தார். "தம்பி, பின்னுக்கு ஈக்கிற மூணு பேரும் எறங்குங்க. முன்னுக்கு ஈக்கிறவர் அப்பிடியே ஈக்கட்டும்" என்றார். இறங்கினோம். இன்னும் கொஞ்சம் ஏறி, மீண்டும் வழுக்கியது. "சரி, கீழ போய்த் திருப்பிட்டு ரிவர்ஸ்ல வாங்க" என்றார். எங்களுக்கு நம்பிக்கையே இல்லை. ஆனாலும் செய்தோம். பின்பக்கமாக ஏறிய அதே வண்டி, அதே பாசியில், அதே சாமானோடு, சத்தமில்லாமல் வாசல்வரை போய் நின்றது.

அன்று இரவு பிரியாணி சாப்பிடும்போதும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தோம். பத்தாம் தரத்துக்கு உராய்வு படிப்பிக்கிறவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்த பாடத்தை எங்கள் வாசலில் வந்து அந்த நானா செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

விடயம் இதுதான். ஒரு சில்லு நிலத்தைப் பிடிக்கும் பலம், அதன்மேல் எவ்வளவு பாரம் அழுத்துகிறது என்பதையும் நிலம் எவ்வளவு வழுக்கும் என்பதையும் பொறுத்தது. எஞ்சினின் சக்தி அதற்குப் பிறகுதான். ஃப்ரன்ட் வீல் காரில் எஞ்சின், கியர்பெட்டி எல்லாம் முன் சில்லின் மேலேயே குந்தியிருக்கின்றன. காலியாக நிற்கும்போது மொத்தப் பாரத்தில் 100க்கு 60 பங்கு அளவில் முன் சில்லுகளில்தான் இருக்கும். சமதரையில், மழை வீதியில், சாரதி தனியாகப் போகும்போது இது பெரிய வரம். இழுக்கும் சில்லுக்கு மேலேயே பாரம் இருக்கிறது.

இப்போது பின் ஆசனத்தில் மூன்று பேரை ஏற்றுங்கள். பெட்டியில் சாமானைப் போடுங்கள். 60 பங்கு 52 அளவுக்கு இறங்கிவிடும். பிறகு அந்தச் சரிவில் மூக்கை மேலே தூக்கி நிறுத்துங்கள். பாரம் இன்னும் பின்னுக்குச் சரியும், முன்னால் 47 பங்குதான் மிஞ்சும். ஈரப் பாசியில் டயர் பிடிக்கக்கூடியது அந்தப் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 47இல் மூன்றில் ஒன்று 16க்கும் குறைவு. ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் ஏறுவதற்குத் தேவை 20. எப்படி ஏறும்? பின்னால் மூன்று பேர் இறங்கியதும் முன் சில்லில் 54 பங்குக்கு மேல் வந்தது. பிடி 18. அதனால்தான் கொஞ்சம் போய் மறுபடி வழுக்கியது. ரிவர்ஸில் திருப்பியதும் இழுக்கும் சில்லுகள் கீழ்ப்பக்கம் வந்துவிட்டன. சரிவு அவற்றின் மேலேயே பாரத்தைத் தள்ளியது. 63 பங்கு, பிடி 21. ஏறிவிட்டது.

மாமாவின் வேகனுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஐந்து பேரும் சாமானும் இருந்தால், அந்தச் சரிவில் பின் சில்லுகளில் 57, 58 பங்கு இருக்கும். பிடி 19. எங்கள் 16ஐ விட நல்லது, மறுக்கவில்லை. ஆனால் 20க்கு அதுவும் போதாது. மாமா அன்று தன் வண்டியைக் கீழே வீதியோரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் மேலே வந்தார் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறோம். நாலு சில்லும் இழுக்கும் வண்டிக்கு மட்டும் 100 பங்கும் உதவும், பிடி 33. அது சிரித்துக்கொண்டே ஏறும்.

இதே பாதை காய்ந்திருந்தால்? காய்ந்த கொங்கிரீட்டில் டயர் பிடிப்பது பாரத்தில் பத்தில் ஏழு பங்கு என்று வைத்தாலும், எங்கள் 47 பங்குக்கு 32க்கு மேல் வரும். தேவை 20தான். ஐந்து பேரோடும் நேரே ஏறியிருக்கும். பதினெட்டு வளைவில் ஒரு சிரமமும் வராததன் காரணமும் இதுதான். அங்கே தார் வீதி, சரிவும் அந்த வீட்டுப் பாதை அளவுக்கு இல்லை. "மலை ஏறாது" என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் பாசி பிடித்த, சேறான, தனியார் வீட்டுப் பாதைகளின் கதை. கடுகண்ணாவையை ஏறாத ஃப்ரன்ட் வீல் காரை நாங்கள் கண்டதில்லை. எஞ்சின் சூடாகி நின்றதைக் கண்டிருக்கிறோம். அது ரேடியேட்டரின் குற்றம்.

சரி, ஏற்றத்தில் பெக் வீலுக்கு ஒரு படி கூட என்று ஒப்புக்கொண்டாயிற்று. பாரம் கூடக்கூட அந்தப் படி இன்னும் உயரும். டொல்பின், கேடிஎச் வேன்களும் லொறியும் பஸ்ஸும் பின் சில்லால் ஓடுவது சும்மா இல்லை. பதினான்கு பேரும் கூரையில் சாமானும் ஏறியபின் பாரம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் தள்ளும் சில்லும் இருக்க வேண்டும். ஹயர் ஓடுகிற தம்பிமார் அதை எடுப்பதில் நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மச்சான் எடுப்பது நாலு பேர் போகும் வண்டி.

இனி யாரும் பேசாத பக்கத்துக்கு வருவோம். ஏறிய மலையில் இறங்கவும் வேண்டும்.

ஏற்றத்தில் வழுக்கினால் வண்டி நிற்கும், ஆட்கள் சிரிப்பார்கள். இறக்கத்தில் வழுக்கினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மலைநாட்டு விபத்துகளில் எத்தனையை இறக்கம் என்ற சொல்லோடு சேர்த்துக் கேட்டிருக்கிறோம்! இறக்கத்தில் பாரம் முன்னுக்குச் சரிகிறது. கியரைக் குறைத்து எஞ்சினால் பிடிக்கும்போது, ஃப்ரன்ட் வீல் வண்டியில் அந்தப் பிடி, பாரம் நிறைய இருக்கும் முன் சில்லுகளில் விழுகிறது. பெக் வீலில் அதே பிடி, பாரம் குறைந்து இலேசாகிப் போன பின் சில்லுகளில் விழுகிறது. மழை வீதியில், வளைவின் நடுவில், திடீரென்று கியரைக் குறைத்தால் பின்பக்கம் வாலை ஆட்டும். பழைய சாரதிமார் இதைக் காலாலேயே உணர்ந்து ஓட்டினார்கள். லைசன்ஸ் எடுத்து ஒரு வருடமான தம்பிக்கு அந்தக் கால் இல்லை.

வளைவில் இரண்டு வண்டிகளின் குணமும் வேறு வேறு. ஃப்ரன்ட் வீல் காரை அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் வளைத்தால், முன் சில்லு பிடியை விட்டு, நீங்கள் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். பயந்து எக்சலேட்டரிலிருந்து காலை எடுப்பீர்கள். பாரம் முன்னுக்கு வரும், சில்லு மீண்டும் பிடிக்கும். அதாவது பயந்தவன் இயல்பாகச் செய்வதே பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. பெக் வீலில் பின்பக்கம் வெளியே சுழலும். அங்கே பயந்து காலை எடுத்தாலோ, பிரேக்கை மிதித்தாலோ, பின்பக்கம் இன்னும் இலேசாகி இன்னும் சுழலும். சுழலும் பக்கமாகவே ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்க வேண்டும். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது சந்தோசமான விளையாட்டு. உம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அது தேவையா?

ரேஸ் என்றதும் இளைஞர்கள் கொமண்டில் வரிசையாக வருவார்கள் என்று தெரியும். ஃபோர்முலா வன் கார் பெக் வீல், ஆகவே பெக் வீல்தான் சிறந்தது என்பார்கள். ஃபோர்முலா வன் கார் பெக் வீல்தான். வேகமாகப் பாயும்போது பாரம் முழுக்கப் பின்னுக்குப் போகிறது, அந்தப் பாரத்தின் கீழ் தள்ளும் சில்லு இருந்தால்தான் அந்தச் சக்தியை நிலத்தில் இறக்கலாம். முன் சில்லு திரும்பும் வேலையை மட்டும் நிம்மதியாகச் செய்யலாம். பெரிய சக்தி உள்ள ஃப்ரன்ட் வீல் காரில் எக்சலேட்டரை முழுக்க மிதித்தால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். அதெல்லாம் உண்மை. ஆனால் நீங்கள் ஓட்டுவது 660 சீசீ வண்டி, தம்பி. அதில் ஃபோர்முலா வன் நியாயம் எங்கே செல்லுபடியாகும்?

அப்படியும் ரேஸ்தான் அளவுகோல் என்றால் ஒன்று சொல்கிறோம். 1959இல் அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்த மினி கார் வந்தது. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து முன் சில்லை ஓட்டியது. சின்ன வண்டிக்குள் நாலு பேர் வசதியாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் நோக்கம். இன்று நம் தெருவில் ஓடும் வேகன் ஆர், அல்டோ, அக்ஸியோ எல்லாமே அந்த ஒழுங்கைப் பின்பற்றியவைதான். அந்தச் சின்ன மினி, மலையும் பனியும் நிறைந்த மொன்டே கார்லோ ரெலியை 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருடங்கள் வென்றது. தன்னைவிடப் பல மடங்கு சக்தியுள்ள பெக் வீல் வண்டிகளை வழுக்கும் வீதியில் முந்தியது. பிறகு 1980இல் ஔடி நிறுவனம் குவாட்ரோ என்ற ஃபோர் வீல் காரைக் கொண்டுவந்து ரெலிகளின் போக்கையே மாற்றியது. சுத்தமான தார் ஓடுபாதையிலும் ஃப்ரன்ட் வீல் சும்மா இல்லை. 2023இல் ஹொண்டா சிவிக் டைப் ஆர், ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 20.8 கிலோ மீற்றர் சுற்று ஒன்றை 7 நிமிடம் 44.881 விநாடியில் முடித்தது. முன் சில்லால்தான்.

ஃபோர் வீல் பற்றி ஒரு வார்த்தை. யப்பானில் பனி விழும் பகுதிகளுக்காக வேகன் ஆரிலும் வெஸலிலும்கூட ஃபோர் வீல் வகை செய்கிறார்கள். அவற்றில் சில இங்கும் வந்திருக்கின்றன. பாசிப் பாதையில் அது அருமையான சாமான் என்று கணக்கோடு சொல்லிவிட்டோம். ஆனால் ஃபோர் வீல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. கிளம்புவதற்குத்தான் நாலு சில்லும் உதவும். நிறுத்துவதற்கு எல்லா வண்டியிலும் நாலு சில்லுதான் பிரேக் பிடிக்கிறது. ஃபோர் வீல் வண்டி ஒரு அடி முந்தி நிற்காது. பாரம் கூடிய ஜீப்பானால், டயரும் பிரேக்கும் பழசானால், ஒருவேளை இன்னும் தள்ளித்தான் நிற்கும். மச்சான் பார்த்து வைத்திருக்கும் ஜீப்பின் டயரை நாங்களும் போய்ப் பார்த்தோம். பக்கத்தில் பொறித்திருந்த நாலு இலக்கம் 0914. 2014ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர். மேலே பூ நன்றாகத்தான் இருக்கிறது, ரப்பர் மரக்கட்டை மாதிரி இறுகிப்போயிருக்கிறது. அதில்தான் பிள்ளைகளைப் பாதுகாப்பாகக் கொண்டுபோகப் போகிறாராம்.

தண்ணீர் விடயத்தில் இந்த மயக்கம் இன்னும் மோசமானது. மாரியில் வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடும்போது, "நம்மட ஃபோர் வீல், போகும்" என்று இறங்குகிறார்கள். ஓடும் தண்ணீரில் வண்டி மிதக்கத் தொடங்கினால் சில்லில் பாரம் இல்லை. பாரம் இல்லாவிட்டால் பிடி இல்லை. எந்தச் சில்லு இழுக்கிறது என்ற கேள்வியே அங்கே இல்லாமல் போய்விடுகிறது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் நடந்ததை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மதரஸாப் பிள்ளைகள் ஏறிப் போனது உழவு மெஷினில். நம் ஊர்களில் அதைவிடப் பெரிய சில்லும், அதைவிட இழுவையும் உள்ள வாகனம் எது? அல்லாஹ் அந்தப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

இப்போது, முதலில் சொன்ன டயர் விடயம்.

ஃப்ரன்ட் வீல் வண்டியின் உண்மையான பலவீனம் ஏற்றத்தில் இல்லை, நம் கராஜ்களில் இருக்கிறது. முன் டயர் இழுக்கிறது, திரும்புகிறது, பிரேக்கிலும் பெரும் பங்கைச் செய்கிறது. ஆகவே சீக்கிரம் தேயும். பின் டயர் சும்மா உருண்டுகொண்டு வருகிறது, நாலைந்து வருடம் அப்படியே கிடக்கும். முன் இரண்டும் தேய்ந்ததும் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு புது டயர் வாங்கி முன்னுக்குப் போடுகிறோம். "இழுக்கிற சில்லுக்குத்தானே புதுசு வேணும்" என்பது எல்லோருக்கும் நியாயமாகப் படுகிறது. நாங்களும் பல வருடம் அப்படித்தான் செய்தோம்.

அது பிழை. இரண்டு மட்டும் வாங்க வசதி இருந்தால், புது இரண்டும் பின்னுக்குப் போக வேண்டும், பின்னால் இருந்த இரண்டும் முன்னுக்கு வர வேண்டும். எந்தச் சில்லு இழுக்கும் வண்டியானாலும் டயர் கம்பனிகள் சொல்வதும் இதுதான். ஏனென்றால் மழைத் தண்ணீரில் முன்பக்கம் பிடியை விட்டால் ஸ்டியரிங்கில் தெரியும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் பிடியை விட்டால் முன்னறிவிப்பே இல்லை, வண்டி அப்படியே சுழன்றுவிடும். நாங்கள் மேலே சொன்ன ஃப்ரன்ட் வீலின் நல்ல குணம், பயந்து காலை எடுத்தால் சமாளிக்கும் அந்தக் குணம், பின் டயர் மொட்டையாக இருந்தால் செத்துப்போகும். முன்னால் புது டயர் அழுத்திப் பிடிக்கும், காலை எடுத்ததும் பாரம் முன்னுக்கு ஓடும், இலேசான மொட்டைப் பின் டயர் வழுக்கிக்கொண்டு போகும். ஃப்ரன்ட் வீல் காரை நாமே காசு கொடுத்து மோசமான பெக் வீல் கார் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம்.

இதைவிட நல்லது, எட்டாயிரம் பத்தாயிரம் கிலோ மீற்றருக்கு ஒரு தடவை முன்னையும் பின்னையும் மாற்றி மாற்றிப் போட்டு, நாலும் ஒன்றாகத் தேய விட்டு, நாலையும் ஒன்றாக மாற்றுவது. ஒரே தடவையில் நாலு டயர் என்றால் ஆசிரியர் சம்பளத்தில் அது எப்படிக் கடிக்கும் என்று எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் லீசிங் தவணையை விட அது கடிக்காது. டயரின் கோடுகளுக்குள் சின்னச் சின்ன ரப்பர்க் கட்டைகள் குறுக்கே இருக்கும், 1.6 மில்லி மீற்றர் உயரம். பூ அந்தக் கட்டைக்குச் சமமாகத் தேய்ந்தால் அந்த டயர் முடிந்தது. மழைக்காலத்தில் அதற்கும் முந்தியே மாற்றுவது நல்லது.

இன்னொன்று, ஆள் கணக்கு. யப்பானில் அந்தச் சின்ன வேகன் ஆர் நாலு பேருக்கு என்று செய்யப்பட்டது. வண்டியே எண்ணூறு கிலோ சொச்சம்தான். அதில் சின்னதும் பெரியதுமாக ஏழு பேரை அடைத்து, கூரையில் சாமானும் கட்டி, நுவரெலியாவுக்கு ஏறினால் ஏற்றத்தில் முன் சில்லு வழுக்கத்தான் செய்யும், இறக்கத்தில் பிரேக் மணக்கத்தான் செய்யும். அதற்கு ஃப்ரன்ட் வீலைத் திட்டி என்ன பயன்? மாமாவின் டிஎக்ஸ் வேகனில் பத்துப் பேர் போனார்கள் என்பது நாம் பெருமையாகச் சொல்லும் கதை. ஒன்றும் நடக்காததற்கு அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லவேண்டிய கதை அது.

சின்னத் தகவல் ஒன்று. இறக்கத்தில் 'டி'யிலேயே விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்கள் நம்மில் நிறைய. அக்ஸியோ ஹைப்ரிட்டில் 'பி' என்று ஒன்று இருக்கிறது, வேகன் ஆரில் 'எல்' இருக்கிறது. பதினெட்டு வளைவில் இறங்கத் தொடங்குமுன், வண்டி மெதுவாகப் போகும்போதே அதில் போடுங்கள். பிரேக் அடியில் போய் மணம் வந்தபிறகு போடுவதற்கு அல்ல அது.

மணலைப் பற்றியும் கேட்பீர்கள். பொத்துவில் கடற்கரையில் ஃப்ரன்ட் வீல் புதையும், பெக் வீலும் புதையும், டயர்க் காற்றைக் குறைக்கத் தெரியாதவரின் ஃபோர் வீலும் புதையும். வண்டியை வீதியில் நிறுத்திவிட்டு இருபது யார் நடந்து போனால் கால் தேயாது.

இறக்குமதித் தடை 2020 மார்ச்சில் தொடங்கி 2025 தொடக்கம் வரை நீடித்ததால், பழைய வண்டிகளுக்கு இல்லாத மவுசெல்லாம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருட ஜீப்புக்கு மச்சானிடம் கேட்கும் விலையை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கிறது. இப்போது புதிதாக வரும் மின்சாரக் கார்களிலும் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வருகிறது. பிவைடி அட்டோ 3, டொல்பின் இரண்டும் முன் சில்லுத்தான். எம்ஜி 4 பெக் வீல். மின்சாரக் காரில் பற்றரி வண்டியின் அடியில் பரவிக் கிடப்பதால் பாரம் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாக நிற்கும், மோட்டாரைக் கணினி கண் சிமிட்டும் நேரத்தில் கட்டுப்படுத்தும். ஆகவே பெக் வீலின் பழைய வால் ஆட்டம் அவற்றில் பெரிதாக இல்லை. மாமாவுக்கு இதைச் சொன்னபோது முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா, திரும்பப் பெக் வீலுக்குத்தான் வந்திருக்கானுகள்" என்றார். அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

வண்டி எடுக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது: எந்தச் சில்லு இழுக்கிறது என்று கேட்பதற்கு முன், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறதா, எத்தனை எயார்பேக், பிரேக் எப்படி, டயர் எந்த வருடம் என்று கேளுங்கள். தினமும் மலைச்சரிவு வீட்டில் ஏறி இறங்குகிறவர், மண் பாதை வட்டைக்குள் போகிற போடியார், பாரம் ஏற்றுகிறவர், இவர்களுக்குப் பெக் வீலோ ஃபோர் வீலோ நியாயமான தேவை. வருடத்தில் மூன்று தடவை மலைக்குப் போய், மீதி நாளெல்லாம் பாடசாலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுகிற நம்மில் பெரும்பாலானோருக்கு ஃப்ரன்ட் வீல் போதும். போதும் என்பதோடு, மழை வீதியில் அதுதான் நல்லது என்றும் சொல்லத் துணிகிறோம். எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். திருப்பும்போது "டக் டக்" என்று கேட்டால் மட்டும் சீவி ஜொயின்ட்டைப் பாருங்கள். அதன் ரப்பர் உறை கிழிந்தவுடன் மாற்றினால் சின்னச் செலவு, விட்டால் பெரிய செலவு.

இதையெல்லாம் மச்சானிடம் சென்ற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து சொன்னோம். பாரக் கணக்கைக் கொப்பியில் போட்டும் காட்டினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய் தன் வேகன் ஆரின் பின் டயரைக் குனிந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். முன்னால் போன வருடம் போட்ட புது டயர்கள் இரண்டும் பளபளவென்று இருக்கின்றன. பின்னால் இருப்பவை வண்டி யப்பானிலிருந்து வந்தபோது இருந்தவை.

ஜீப்புக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லையாம். டயர்க் கடைக்கு மட்டும் கோல் எடுத்து விலை கேட்டிருக்கிறார். மாமாவோ, அடுத்த லீவுக்கு எல்லோரும் டிஎக்ஸ் வேகனிலேயே போவோம் என்று நேற்றும் வந்து சொல்லிவிட்டுப் போனார்.